ஐந்தாவது எலும்பு

நம் வயதுக்காரர்கள் சந்தித்துக்கொண்டால் பேச்சு ஒரே தடத்தில்தான் போகிறது. முதலில் முழங்கால், பிறகு பிள்ளைகள் இருக்கும் ஊர், பிறகு மாத்திரைகள், கடைசியில் செத்துப்போனவர்கள். போன மாதம் பவானிபூர் கல்யாணத்தில் நாம் ஏழெட்டுப் பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தபோதும் அப்படித்தான். அடுத்து யார் எதை ஆரம்பிப்பார்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்துகொண்டே இருந்தது. நான் இலையில் கை வைக்காமல் இருந்ததைப் பார்த்து உங்களில் ஒருத்தி, என்னடி, எதையோ கண்டு பயந்தவ மாதிரி இருக்கே என்று கேட்டாள். சாப்பாட்டுப் பந்தியில் சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. வங்காளத்தில், துறைமுகத்தை ஒட்டிய கார்டன் ரீச்சில், அப்பா குமாஸ்தாவாக இருந்த ரயில்வே அலுவலகத்துக்கு நடந்து போகிற தூரத்தில், இரண்டு மாடி வாடகை வீடு. தெருத்தளத்தில் கப்பல் கயிறு அடுக்கிவைக்கும் கிடங்கு. அந்தத் தார் வாசனை படிக்கட்டு முழுக்க ஏறி நிற்கும். முதல் மாடியில் ஒரு வங்காளத் தம்பதி, இரண்டாவது மாடியில் நாங்கள். திருநெல்வேலிக் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், படியிறங்கினால் வங்காளம். நான் படித்ததும் பக்கத்து வங்காளப் பள்ளியில்தான். தமிழில் எழுத்துக்கூட்டிப் படிப்பேன், வங்காளத்தில் கடகடவென்று படிப்பேன்.

அந்த வருஷம் மழை தொடங்கியபோது எங்கள் வகுப்பு ஆசிரியை பிரசவத்துக்குப் போனார். ஒரு பருவத்துக்கு மட்டும் வேறொருவர் வந்தார். ஒல்லியான மனுஷி, மூக்குக்கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருப்பார். அவர் முதல் நாள் கரும்பலகை நிறைய ஒரு பத்தி எழுதினார், கங்கையில் வெள்ளம் வந்ததைப் பற்றி. பிறகு பேசாமல் டஸ்டரை எடுத்து ஒவ்வொரு சொல்லாக அழித்துக்கொண்டே வந்தார். கடைசியில் பலகையில் ஐந்து சொல் மட்டும் நின்றது. மழை, கரை, வீடுகள், படகு, சேறு. இதுதான் இதனுடைய காட்டாமோ என்றார்.

காட்டாமோ என்றால் துர்க்கை சிலைக்குள்ளே இருக்கும் மூங்கில் வைக்கோல் சட்டம். சிலையை ஆற்றில் விட்டபின் மண் கரைந்துபோய், அந்த வைக்கோல் உடம்பு மட்டும் கைகளை விரித்துக்கொண்டு மிதந்து வரும். தலை இருக்காது. கார்டன் ரீச் பிள்ளைகள் எல்லோரும் படித்துறையில் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள். அதனால் அவர் சொன்னது எங்களுக்கு உடனே புரிந்தது. எந்த எழுத்துக்குள்ளும் அப்படி ஒன்று நிற்கிறது. சிலது நடந்ததை நடந்த வரிசையில் சொல்லும். சிலது காரணத்தை முன்னால் வைத்து விளைவைப் பின்னால் வைக்கும். சிலது இரண்டு பொருளை எதிரெதிரே நிறுத்திப் பார்க்கும். மண்ணைக் கரைத்தால் தெரிந்துவிடும். நான் அதற்குத் தமிழில் எலும்பு என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அது எனக்குக் காய்ச்சல் மாதிரி பிடித்தது. புவியியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் கேட்டதையெல்லாம் எலும்பாக்கி எழுதினேன். வானொலிச் செய்தியை எழுதினேன், பால்காரன் சொல்லும் சாக்கை எழுதினேன். அம்மாவின் திட்டுக்கு ஐந்து எலும்பு இருந்தது. இன்றைக்குச் செய்த தப்பு, போன வாரம் செய்த தப்பு, பெரியம்மா மகளின் சமர்த்து, அப்பா வீட்டு ஆட்களின் குணம், கடைசியில் சாப்பிட வா. ஒருநாள் அப்பா வீட்டு ஆட்களைத் தொடங்குமுன்பே நான் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அம்மா பேச்சை நிறுத்தி என்னையே பார்த்தாள். தன் வாயில் இருப்பது அடுத்தவருக்கு முன்னாலேயே தெரிந்தால் மனிதர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று அன்றுதான் முதலில் கண்டேன். எனக்கு அது பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் மாடி அம்மாளை மாஷிமா என்றும் அவர் கணவரை மேஷோமஷாய் என்றும் கூப்பிடுவேன். வங்காளத்தில் சித்தி, சித்தப்பா முறை. மேஷோமஷாய் வரைபடம் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார். ஒரே மகன். சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை. அவரைத் தாதா, அதாவது அண்ணன், என்பேன். நான் சின்னவளாக இருந்தபோது அவர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கியது மங்கலாக நினைவிருக்கிறது. பிறகு ஊருக்கு வரவேயில்லை. கடிதம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

ரத யாத்திரை முடிந்த வாரம் மாஷிமா மேலே வந்து அம்மாவிடம் கேட்டார். கண் மங்கிவிட்டது, அவர் படித்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது, உன் பெண் வந்து மகன் கடிதத்தைப் படித்துக் காட்டட்டும் என்றார். அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா, போய்ப் படிச்சிட்டு வரட்டும், ஒரு ஆறுதல்தானே என்றார். அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்ட விதத்தில் ஏதோ இருந்தது. அது என்னவென்று கேட்கத் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போவேன். ஜன்னலோரம் நாற்காலி. ஆற்றில் கப்பல் ஊதினால் அது முடியும்வரை படிப்பதை நிறுத்த வேண்டும். கடிதத் தாள் கொஞ்சம் ஈரமாக, கற்பூர வாசனையோடு இருக்கும். உறையில் தபால்தலை கிடையாது. கப்பல் கம்பெனியின் ஆள் மொத்தமாகக் கொண்டுவந்து கொடுப்பான் என்று மேஷோமஷாய் சொன்னார். நான் படிக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மாஷிமா கடிதத்தைப் பார்க்கமாட்டார், கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

படித்துவிட்டு மேலே வந்ததும் கடிதத்தின் எலும்பை நோட்டில் எழுதிவைத்தேன். முதலில் கடல் அன்றைக்கு என்ன நிறம். அடுத்தது சாப்பாடு. அதற்கடுத்தது கப்பலில் யாருக்காவது நோவு வந்து தேறுவது. நான்காவது வீட்டைப் பற்றி ஒரு கேள்வி, குழாய் இன்னும் ஒழுகுகிறதா, கிடங்குப் பூனை குட்டி போட்டதா என்று. அதோடு கடிதம் நின்றுவிடும். முடிவு கிடையாது, கையெழுத்தும் கிடையாது. இன்னும் எழுத இருக்கிறது என்று ஒரு வரி, அவ்வளவுதான். இரண்டாவது கடிதமும் மூன்றாவது கடிதமும் அப்படியே. துறைமுகத்தின் பெயர் மாறும், மீனின் பெயர் மாறும், எலும்பு மாறாது. அசல் மனிதர்களின் கடிதம் அப்படி இருக்காது. ஒரு மாதம் கோபம் முன்னால் வரும், ஒரு மாதம் சந்தோஷம் முன்னால் வரும். பத்து வயதில் எனக்கு அது தெரியவில்லை. சரியாக எழுதுகிறார் என்று நினைத்தேன்.

நான்காவது கடிதத்தன்று மதியம் மூன்று மணிக்கே வானம் கருத்துவிட்டது. இரண்டாவது பத்தியில் இருந்தேன். சில நாட்களாகச் சோறு சரியாக வேகவில்லை, பருப்பில் உப்பு இல்லை என்று தாதா எழுதியிருந்தார். மின்சாரம் போனது. மாஷிமா அரிக்கேன் விளக்கை ஏற்ற உள்ளே போனார். நிறுத்தாமல் படிப்பவள் என்று பள்ளியில் எனக்குப் பேர். அடுத்தது நோவு வரும் இடம் என்று தெரியும். சோறு வேகவில்லை என்றால் நோவு சமையல்காரருக்குத்தான். தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, இருட்டில் சொல்லிக்கொண்டே போனேன். சமையல்காரருக்குக் காய்ச்சல், மூன்று நாளாக எழுந்திருக்கவில்லை, நான்காம் நாள் கஞ்சி கேட்டுக் குடித்தார்.

விளக்கு வந்தது. தாளில் அதுதான் இருந்தது. சமையல்காரர், மூன்று நாள், நான்காம் நாள். கஞ்சிக்குப் பதிலாகச் சூடான பால் என்று இருந்தது.

மேஷோமஷாய் கண்ணைத் திறந்திருந்தார். நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இருட்டுல எப்படிப் படிச்சே?"

"படிக்கல. காட்டாமோலேர்ந்து வந்துச்சு," என்றேன் பெருமையாக.

நான் சொன்னது கரும்பலகையில் மிஞ்சிய ஐந்து சொல்லை. அவர் மெதுவாகத் திரும்பி ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தார். அவர் காதில் விழுந்தது ஆற்றில் மிதந்து வரும் அந்த வைக்கோல் உடம்பு என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அதற்குப் பிறகு அவர் எனக்காகப் படியில் காத்திருக்க ஆரம்பித்தார். பள்ளி விட்டு வரும்போது கயிற்றுக் கிடங்கின் வாசலில், அந்தத் தார் வாசனைக்குள் நிற்பார். குரலைத் தாழ்த்தி, அடுத்த தடவை என்ன வரும், குக்கி என்பார். சின்னப் பெண்ணை அவர்கள் அப்படிக் கூப்பிடுவார்கள். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. ஒருநாள், கப்பல் மேல்தளத்தில் கால் ஒடிந்த ஒரு வெள்ளைப் பறவை வந்து விழும், தாதா அதற்குத் துணி கட்டிவிடுவார் என்றேன். நோவு வரும் இடத்தில் இந்தத் தடவை மனிதர் வேண்டாமே என்று தோன்றியது, அதனால் சொன்னேன்.

ஐந்தாவது கடிதத்தில் பறவை இருந்தது. துணி கட்டியதும் இருந்தது.

நான் சொன்னதால்தான் நடுக்கடலில் ஒரு பறவைக்குக் கால் ஒடிந்தது என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அம்மா உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியே வரவில்லை என்று அவளுக்கு இன்னும் பயம். "ஏட்டி, இனிமே அந்த வீட்டுக் கடுதாசிய நீ தொடக் கூடாது, சொல்லிட்டேன்," என்றாள். அப்பா சிரித்தார். பிள்ளை எதையோ கற்பனை பண்ணிக்கொள்கிறது, பாவம் அந்த அம்மாள், போகாவிட்டால் என்ன நினைப்பாள் என்றார். அப்பா சொன்னதுதான் நடந்தது.

துர்க்கா பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அந்த ஆசிரியை முடிவில்லாத ஒரு பத்தியைக் கொடுத்துக் கடைசி வரிகளை எங்களை எழுதச் சொன்னார். எழுத்து என்றால் அதற்கு ஒரு முடிவு வேண்டும், தொடங்கியதெல்லாம் அங்கே வந்து சேர வேண்டும் என்றார். எனக்கு உடனே கடிதங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. எல்லாவற்றிலும் நான்கு எலும்புதான். ஐந்தாவது இல்லை. அந்தக் குறை எனக்குப் பல்லில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது.

அன்று கிடங்கு வாசலில் மேஷோமஷாய் வழக்கம்போலக் கேட்டார். பயம் இருந்தது. ஆனாலும் சரியான விடை தெரிந்த பிள்ளையால் சும்மா இருக்க முடியாது.

"வீட்டுக்கு வர்றேன்னு எழுதுவார்."

"எப்போ?"

"காளி பூஜைக்கு."

அவர் என் தலையில் கை வைத்தார். கை சில்லென்று இருந்தது. நல்லது, நல்லது என்று சொல்லிக்கொண்டே என்னை விட்டுவிட்டுப் படியேறினார்.

ஆறாவது கடிதத்தில் ஐந்து எலும்பும் இருந்தது. காளி பூஜைக்கு முதல் நாள் வந்துவிடுகிறேன் என்று நான் படித்தபோது மாஷிமா முதல்முறையாக என் கையிலிருந்து தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். அவர் கண் மூடியிருந்தது, முகத்தில் சிரிப்பு. கேட்டியா என்றார் அவர். கேட்டேன் என்றார் மாஷிமா. அவ்வளவுதான் பேசினார்கள்.

அடுத்த பத்து நாள் மேஷோமஷாய் மகனுடைய அறையைக் கழுவினார், மெத்தையை மொட்டைமாடியில் காயப்போட்டுத் தட்டினார், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். பழைய சட்டைகளைத் துவைத்துக் கஞ்சி போட்டு மாடியில் தொங்கவிட்டிருந்தார். காற்றில் அவை கை விரித்து ஆடின. அம்மா எங்கள் துணியை அன்று மாடியில் உலர்த்தவில்லை.

காளி பூஜைக்கு முதல் நாள் வங்காளிகள் வீட்டில் பதினாலு விளக்கு ஏற்றுவார்கள். பதினாலு தலைமுறை செத்தவர்களுக்கு வழி காட்ட என்று சொல்வார்கள். அன்று காலையிலேயே மேஷோமஷாய் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு துறைமுகச் சாலைக்குப் போய்விட்டார். பொழுது சாயும் நேரத்தில் மாஷிமா படியில் விளக்கு வைத்தார். நான் திரி எடுத்துக் கொடுத்தேன். அவர் வீட்டு வாசலிலிருந்து தெருக்கதவு வரை, படிக்கு ஒன்றாகப் பதினாலு. கடுகெண்ணெய் வாசனையும் தார் வாசனையும் கலந்து வந்தது.

வைத்து முடித்து நாங்கள் மேலே வந்தபிறகுதான் மேஷோமஷாய் வந்தார். விளக்குகளை மிதிக்காமல் ஒவ்வொரு படியாக ஏறி, வாசலில் நின்றார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது.

"வந்துட்டான்," என்றார் மெதுவாக. "கீழே நிக்கிறான். படியேற மாட்டேங்கிறான்."

மாஷிமா அசையவில்லை. மேஷோமஷாய் என் பக்கம் குனிந்தார்.

"அடுத்தது என்னன்னு சொல்லு, குக்கி. அதுக்காகத்தான் நிக்கிறான்."

நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி வளைவுக்கு அப்பால் எட்டிப் பார்த்தேன். படிதோறும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடைசிப் படி வரை நல்ல வெளிச்சம். அங்கே யாரும் இல்லை. அடுத்தது என்று என்னிடம் ஒன்றும் இல்லை. முடிவுக்குப் பிறகு என்ன வரும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

மாஷிமா உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. வெளுத்துப்போன ஒரு தந்தித் தாளோடு திரும்பி வந்தார். மேஷோமஷாய் அந்தத் தாளைப் பார்த்தார், பிறகு அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

"இது உன்கிட்ட எப்படி?"

"நீங்க வரைபடக் குழாய்க்குள்ள ஒளிச்சு வச்சீங்க. நான் எடுத்தேன்."

"எப்போ?"

"வந்த அன்னிக்கே. ரெண்டு வருஷமா நீங்க எனக்காக எழுதினீங்க. நான் உங்களுக்காகக் கேட்டேன்."

பிறகு தாளை என்னிடம் நீட்டினார். "படி. உன் குரல்ல கேட்டாத்தான் இவர் நம்புவார்."

இங்கிலீஷில் மூன்று வரி. ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷ் அதற்குப் போதுமாக இருந்தது. நடுக்கடலில் காணாமல் போனார். தேடுதல் நிறுத்தப்பட்டது. வருந்துகிறோம். ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு வங்காளத்தில் சொன்னேன். சனிக்கிழமைகளில் கேட்பது போலவே அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

"அடுத்தது?"

"இல்ல, மேஷோமஷாய். இதோட முடிஞ்சுது."

அவர் தலையாட்டினார். திரும்பிப் படியிறங்கினார். நாங்கள் இருவரும் அங்கேயே நின்றோம். கீழே, வளைவுக்கு அப்பால், அவர் பேசும் குரல் கேட்டது. கொஞ்சம் பேசுவார், நிறுத்துவார். யாரோ பதில் சொல்ல இடம் விடுகிற மாதிரி நிறுத்திவிட்டு, மறுபடி பேசுவார். மேல் மாடிக் கதவைத் திறந்துகொண்டு அம்மாவும் வந்து கேட்டாள். அவள் கை என் தோளை அழுத்திய இடம் மறுநாள் கன்றிப்போயிருந்தது. பிறகு தெருக்கதவு திறந்து மூடும் சத்தம். அவர் தனியாக மேலே வந்தார். கடைசி நான்கு விளக்கு அணைந்திருந்தது. காற்று என்றார். நாற்காலியில் உட்கார்ந்து, மாஷிமாவிடம் தேநீர் கேட்டார்.

எனக்கு ஒரு வாரம் காய்ச்சல். அம்மா அந்தப் புவியியல் நோட்டைப் பழைய பேப்பர்காரனிடம்கூடப் போடாமல் ஆற்றில் எறிந்துவிட்டு வந்தாள். தந்தி வந்த விஷயம் அந்தக் கட்டடத்தில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும் என்றும், மாஷிமாவுக்கு மட்டும் தெரியாது என்று நினைத்து எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்றும் அப்போதுதான் கேள்விப்பட்டேன். அப்பா அடுத்த மாதமே பெஹாலாவில் வீடு பார்த்துவிட்டார். ஒற்றையறை, சமையலுக்குப் பொது இடம், ஆனாலும் தரைத்தளம். படிக்கட்டு இல்லாத வீடு வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

மாஷிமாவை மறுபடி பார்த்தது எனக்கு வேலை கிடைத்த பிறகு, பவானிபூரில் ஒரு மருந்துக்கடை வாசலில். அவர்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டார். மேஷோமஷாய் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அவர் தெளிவாகவே இருந்தாராம். ஒரு கடிதமும் எழுதவில்லை, மகனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கண் மங்கிவிட்டது என்றது பொய், குக்கி, என்று மாஷிமா சொன்னார். முதலில் மாஷிமாவேதான் கணவருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாராம். பிறகு அந்தப் பொய்யைத் தன் வாயால் படிக்க முடியாமல் போனதால் என்னைக் கூப்பிட்டாராம். சின்னப் பிள்ளையை அதற்குள் இழுத்துவிட்டேனே என்று என் கன்னத்தைத் தடவினார். என்மேல்தான் தப்பு என்று அத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். எழுதினது இவர்தான்னு எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும், ஆனாலும் சனிக்கிழமை மதியம் வந்தால் இப்போதும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றார். பிறகு சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு நான் எட்டிப் பாக்கல. எனக்குத் தைரியம் இல்ல. நீ பாத்தியே. யாராவது நின்னாங்களா?"

அந்த வயதான முகத்தைப் பார்த்தேன். பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. என்ன பதில் சொன்னால் அதற்கடுத்து என்ன வரும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"இருட்டா இருந்துச்சு, மாஷிமா," என்றேன். "சரியா தெரியல."